தடுப்புக்கு வசனம் இல்லை

16.8.2023, புதன்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் மதிப்பீட்டு அட்டை கொடுத்தார்கள். வேகம்: நன்று. வருகை: நன்று. குறைகள் என்ற கட்டத்தில் சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் சார், "எதுவும் இல்லை. சத்தமே இல்லாத பெண்" என்று எழுதியிருக்கிறார். பாராட்டு என்று நினைத்துத்தான் அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். தக்காளிக் கூடையைக் கட்டிக்கொண்டே, "கம்பெனியிலயும் பேசறது கெடையாதா கண்ணு?" என்றார்.

அங்கே பேசத் தேவையே இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. வண்டிகளுக்குப் போகும் வயர் கட்டு செய்கிறோம். வயர் முனையில் வெள்ளை கனெக்டர் மாட்டுவது என் வேலை. மேசைக்கும் மேசைக்கும் நடுவில் பிளாஸ்டிக் தடுப்பு. கொரோனாவில் வைத்தது. கொரோனா போய்விட்டது, தடுப்பு போகவில்லை. பேச்சு குறைந்து உற்பத்தி கூடிவிட்டதாம், அதனால் யாரும் கழற்றவில்லை. கேன்டீனிலும் எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். மற்றவர்கள் திட்டுகிறார்கள். நான் திட்டுவதில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் பாதுகாப்பாக இருக்கிறது.

பரீட்சை வைக்காமலே பத்தாவது பாஸ் போட்ட வருஷத்துக்காரி நான். பஸ்ஸில் "கொரோனா பாஸ்" என்று கிண்டல் செய்வார்கள். அந்த வருஷம் முழுக்க அப்பாவின் போனில் மைக்கை மூடி வைத்துக்கொண்டே வகுப்பு கேட்டேன். எந்த டீச்சருக்கும் என் குரல் தெரியாது. அதோடு படிப்பு நின்றது.

24.8.2023, வியாழன்

பக்கத்து மேசை ஃபரீதாக்கா. தடுப்பை தினமும் சானிடைசரால் துடைத்துத் துடைத்து அது பால் மாதிரி வெளுத்துவிட்டது. அக்கா எனக்கு ஒரு பச்சை நிழல், அவ்வளவுதான். தலையில் கட்டும் துணி பச்சை.

ஆனால் தட்டுவோம். இரண்டு தட்டு தட்டினால் "இருக்கியா?" பதிலுக்கு இரண்டு தட்டினால் "இருக்கேன்." லைன் முழுக்க இந்தப் பழக்கம் உண்டு. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை.

7.9.2023, வியாழன்

எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஒன்பதரை இருக்கும். பச்சை நிழல் கீழே போச்சு. கனெக்டர் கீழே விழுந்து எடுக்கறாங்கன்னு நெனச்சேன். இரண்டு தடவை தட்டினேன். பதில் இல்லை. பாத்ரூம் போயிருப்பாங்க. அப்படித்தான் நெனச்சேன் — நெனச்சேனா? இல்ல, அப்படி நெனச்சா நல்லதுன்னு நெனச்சேனா? சிவப்புப் பொத்தானை அழுத்தினால் லைன் நிற்கும், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், ஹரீஷ்குமார் சார் பேர் கேட்பார்.

நான் இன்னும் நாலு கனெக்டர் மாட்டினேன்.

அப்புறம்தான் மேசைக்கு அடியில் அக்காவின் கை தெரிந்தது. எழுந்தேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஒண்ணுமே வரல. எதிர் லைனில் இருந்த சரிதாக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாங்க. சர்க்கரை இறங்கிவிட்டதாம். விழும்போது மேசை முனை நெற்றியில் இடித்திருக்கிறது.

8.9.2023, வெள்ளி

ஏழு தையல். உயிருக்கு ஒன்றுமில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

25.9.2023, திங்கள்

அக்கா வேலைக்கு வந்துவிட்டாங்க. காலையில் இரண்டு தட்டு. நான் இரண்டு தட்டினேன்.

27.9.2023, புதன்

ஆயுத பூஜை வருகிறது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தாரைக் கம்பெனிக்குள் விடுவார்கள். முன்பெல்லாம் பெங்களூரிலிருந்து ஆர்க்கெஸ்ட்ரா வருமாம். கொரோனாவோடு அது நின்றுபோனது. இந்த வருஷமாவது உண்டா என்று சரிதாக்கா போய்க் கேட்டிருக்கிறாங்க. மேனேஜர் ரத்தினவேல் சார், "எல்லாரும் போன்லயே ஆட்டம் பாட்டு பாத்துக்கறீங்க. புரோகிராம் எதுக்கும்மா?" என்றாராம்.

"போன்ல வர்றவங்களுக்கு எங்க மூஞ்சி தெரியாது சார். பூஜைக்கும் பொரிக்கும் நடுவுல பத்து நிமிசம் குடுங்க. நாங்களே நாடகம் போடறோம்."

அவர் சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார். சரிதாக்கா வேப்பனப்பள்ளிக்காரி. யாரிடமும் எதையும் கேட்டுவிடுவாங்க. எப்படித்தான் வருமோ.

28.9.2023, வியாழன் — விடுமுறை

நேற்று மாலை பஸ்ஸில் பேசி முடிவான கதை இதுதான். மூன்று வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்கிற இரண்டு பெண்கள், நடுவில் தடுப்பு. ஒருநாள் பஸ்ஸில் ஒரே சீட்டுக்குச் சண்டை போடுகிறார்கள். ஒருத்தி முகம் மற்றவளுக்குத் தெரியாது. கடைசியில் ஒருத்தி கோபத்தில் ஜன்னலை இரண்டு தட்டு தட்ட, அதைக் கேட்டுத்தான் அடையாளம் தெரிகிறது. தடுப்பை எடுங்கள் என்று கேட்டு நாடகம் முடியும். சரிதாக்கா ஒருத்தி. ஃபரீதாக்கா இன்னொருத்தி.

நடுவில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும்.

"மேகலா நிக்கட்டும்" என்று என்னைக் காட்டினாங்க ஃபரீதாக்கா. "தடுப்புக்கு வசனம் இல்லடி, பயப்படாத. சும்மா நில்லு. அது ஒனக்கு நல்லா வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

5.10.2023, வியாழன்

கம்பெனி பஸ்தான் எங்கள் ஒத்திகைக் கூடம். எங்கள் ஊர் பேரிகையில் நான் ஏறும்போதே ஆரம்பித்துவிடுகிறார்கள். நடுவழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடிக்கிறார்கள். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் வசனம் பாதியில் குதிக்கிறது. சரிதாக்கா இஞ்சினை மீறிக் கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டாங்க. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ரெண்டு பேரும் நெஜமாவே அடிச்சிக்குங்க, அப்பத்தான் களை கட்டும்" என்கிறார்.

எதிரெதிராக நின்று இரண்டு பேர் பேசுவதை இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று? ஃபரீதாக்கா கோபப்பட்டால் வலது புருவம் மட்டும் மேலே போகிறது. ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் இது தெரியாது. அந்தப் புருவத்துக்கு மேலேதான் தையல் போட்ட தழும்பு.

எல்லா வசனமும் எனக்கு மனப்பாடம். யாருக்கும் சொல்லவில்லை.

23.10.2023, திங்கள் — ஆயுத பூஜை

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

காலையில் எனக்குப் பொட்டு வைக்கும் வேலை. பேசாமல் செய்கிற வேலையெல்லாம் என்னிடம்தான் வரும். கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்து, குங்குமத்தோடு ஒவ்வொரு மெஷினாகப் போனேன். கட்டர், ஸ்க்ரூ டிரைவர், டிராலி, தீயணைக்கும் சிலிண்டர். ஒன்றையும் விடவில்லை. கேன்டீனில் மேடைக்குப் பக்கத்தில் மைக் இருந்தது. அதுவும் கருவிதானே? அதன் தலையில் நல்லா மூன்று விரலால் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். நானூறு பேர் இருக்கும், குழந்தைகளோடு. அப்பா வெள்ளை வேட்டியில், பின்னால் தூண் ஓரம். ரத்தினவேல் சாரும் அவர் வீட்டம்மாவும் முன்வரிசையில்.

சரிதாக்கா மைக்கை எடுத்தாங்க. "எல்லாருக்கும் வண—" கர்ர்ர். அவ்வளவுதான். செத்துவிட்டது. ஹரீஷ்குமார் சார் ஓடி வந்து அதை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"யாரம்மா இதுக்கு அபிஷேகம் பண்ணது? உள்ள எல்லாம் சந்தனம்!"

முன்வரிசை சிரித்தது. நான் சந்தனக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மைக் இல்லாமலே ஆரம்பித்தார்கள். சரிதாக்காவின் தொண்டை மூன்றாவது வசனத்தில் காற்றாகப் போனது. ஃபரீதாக்கா குரல் இரண்டு வரிசை தாண்டவில்லை. குழந்தைகள் அழுதன. பின்னால் பொரி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் போல, ஆட்கள் எழுந்து நடந்தார்கள். நான் எங்கள் லைன் தடுப்பு ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பக்கம் சரிதாக்கா. இந்தப் பக்கம் பச்சை நிழல். பச்சை நிழல் மெல்லத் தலையைக் குனிந்தது. அழறாங்களோ?

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது.

"நில்லுங்க! யாரும் பொரிக்குப் போவாதீங்க!"

கேன்டீன் சுவரில் பட்டு அது திரும்பி எனக்கே கேட்டது. என் குரல் இவ்வளவு பெரிசா?

"நான் தடுப்பு பேசறேன். எனக்கு வசனமே கெடையாது. ஆனா பேசறேன். மூணு வருசமா உங்க நடுவுல நிக்கறேன். டெய்லி சானிடைசர் போட்டுத் தொடைச்சித் தொடைச்சி என் கண்ண அவிச்சிட்டீங்க."

சிரித்தார்கள். நடந்தவர்கள் நின்றார்கள்.

"செப்டம்பர் ஏழாந்தேதி இந்தப் பக்கம் ஒருத்தி விழுந்துட்டா. அந்தப் பக்கம் ஒருத்தி வேலை செஞ்சிட்டு இருந்தா. அவளுக்கு நெழலு போனது தெரிஞ்சுது, ஆள் போனது தெரியல. அவ இன்னும் நாலு கனெக்டர் மாட்டினா. நாலு! அவ கெட்டவ இல்ல. பயந்தவ. அவளுக்கு ஒளிஞ்சிக்க நான் எடம் குடுத்தேன். அவளுக்கு என்னைப் புடிக்கும். அன்னியிலருந்து புடிக்கல."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாடகத்தில் இல்லாத இடத்துக்கு வந்துவிட்டேன். தடுப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். நேராகப் போய் ரத்தினவேல் சாருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உங்க பக்கத்துல யாரு சார் இருக்காங்க?"

அவர் சிரித்தார். திரும்பிப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வீட்டம்மா, "ஏங்க, ஒண்ணுமே தெரியலியே. வெள்ளையா ஏதோ ஆடுது, நீங்கதானா அது?" என்றாங்க.

கூரை பிய்த்துக்கொண்டு போகும் போல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள் யாரோ மேசையை இரண்டு தட்டு தட்டினார்கள். இன்னொருவர் இரண்டு. பிறகு எல்லாப் பெண்களும், கூட வந்தவர்களும். இருக்கியா, இருக்கேன். இருக்கியா, இருக்கேன். நானூறு பேர். எவர்சில்வர் தட்டுகள் துள்ளின.

நான் தடுப்பைக் கீழே வைத்தேன். ஃபரீதாக்கா மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாங்க. வலது புருவம் மேலே போயிருந்தது. செத்தேன் என்று நினைத்தேன்.

"நாலுதானா? நானா இருந்தா ஆறு மாட்டியிருப்பேன்டி. என் கை வேகம் அப்படி."

சொல்லிவிட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாங்க. நானும் அழுதேன், சத்தம் போட்டு.

24.10.2023, செவ்வாய்

அப்பா இன்று தோட்டத்தில் தக்காளிக்குத் தண்ணீர் கட்டும்போது பக்கத்து வயல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மைக்கு இல்ல, ஒண்ணுமில்ல. தூணுக்குப் பின்னாடி நிக்கறேன், எனக்கு கணீர்னு கேக்குது. யாருடா இந்தப் பொண்ணுன்னு பாத்தா நம்மளுது!"

நான் செடிக்குப் பின்னால் நின்று கேட்டேன். இன்னொரு முறை சொல்ல மாட்டாரா என்று இருந்தது. சொன்னார். மூன்று பேரிடம் சொன்னார்.

26.10.2023, வியாழன்

தடுப்பு அப்படியேதான் இருக்கிறது. மைக்கைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் நானே சுத்தம் செய்து கொடுத்தேன். "அடுத்த வருசம் மைக்குக்குப் பூ மட்டும், சாக்கு" என்றார் ஹரீஷ்குமார் சார். சாக்கு என்றால் கன்னடத்தில் போதும். அவருக்குக் கன்னடம் வந்துவிட்டால் கோபம் இல்லை என்று அர்த்தம்.

1.11.2023, புதன்

எடுக்கிறார்கள்!!

இல்லை, எடுக்கிறோம். ஸ்க்ரூ டிரைவரை எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ரத்தினவேல் சார் வந்து முதல் ஸ்க்ரூவை அவரே கழற்றினார். "வீட்ல எட்டு நாளா இதே பேச்சும்மா. அந்தப் பொண்ணு சொன்னதுக்கு என்ன பண்ணீங்கன்னு கேட்டே சாப்பாடு போடறாங்க" என்றார். கேன்டீன் பெஞ்சுகளையும் திருப்பிப் போட்டாகிவிட்டது. எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சாம்பாரையே பார்த்தேன். ஃபரீதாக்கா என் தட்டில் எலுமிச்சை ஊறுகாய் வைத்து, "சாம்பார் ஓடிப் போயிடாது, இங்க பாரு" என்றாங்க. பார்த்தேன்.

ஒரே ஒரு தடுப்பை மட்டும் சரிதாக்கா கேட்டு வாங்கி வைத்திருக்கிறாங்க. நாடகத்துக்கு.

9.12.2023, சனி

ஜூஜுவாடியில் வேறொரு கம்பெனி. அங்கேயும் பெண்கள் தனித்தனிப் பெட்டிக்குள் வேலை செய்வது போலத்தான். அவர்கள் எங்களைத் தேடி வந்து கூப்பிட்டார்கள். பாட்டு வேண்டாமாம், ஆட்டம் வேண்டாமாம். "உங்க தடுப்பு வந்து எங்க சார்கிட்ட பேசணும்" என்றார்களாம்.

நாடகம் என்றால் வேலை முடிந்து களைப்பு தீரப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். இவர்கள் வேலைக்கே நாடகத்தைக் கூப்பிடுகிறார்கள், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவது மாதிரி. எது பழுதோ அதைச் சொல்கிறார்கள், நாங்கள் போய் நிற்கிறோம்.

பாதிப் பேருக்குத் தமிழ் சரியாக வராது. சரிதாக்கா கன்னடத்தில் திட்ட, ஃபரீதாக்கா தமிழில் பதிலடி கொடுக்க, நான் தெலுங்கையும் இடையில் விட்டேன். இன்றைக்கு மைக் நன்றாகவே வேலை செய்தது. நான் வாங்கிக்கொள்ளவில்லை.

16.2.2024, வெள்ளி

ஆறு மாத அட்டை. வேகம்: நன்று. வருகை: நன்று. குறைகள் என்ற கட்டத்தில் ஹரீஷ்குமார் சார் எழுதியிருப்பது: "பேச்சு அதிகம். சத்தமும் அதிகம்."

அப்பா இரண்டு முறை படிக்கச் சொன்னார். இரண்டாவது முறை, "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றார்.