உதவியாளர் அற்புதம்மாள்

பாலக்கரை, திருச்சிராப்பள்ளி
2-12-1963

அன்புள்ள அப்பாவுக்கு,

ரோசரி எழுதுவது. எட்டு வருடமாக ஒரு கார்டுகூடப் போடாதவள் காரியம் என்றதும் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். நினைப்பது சரிதான். அதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். அரியமங்கலம் ஒன்றும் தூரமில்லை. ஆனால் நான் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே குரல் உள்ளே போய்விடும். அதனால்தான் தபாலில் வருகிறேன்.

நானும் அம்மாவும் சுகம். போன வருடம் நான் பி.ஏ. தேறினேன். ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குப் போய்ப் பதினேழு நாள் நின்றேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததும் வாய் வரவில்லை. இப்போது வீட்டிலேயே பிள்ளைக் காப்பகம் வைத்திருக்கிறேன். சுருட்டுக் கம்பெனிக்கும் ஆபீசுக்கும் போகிற பெண்கள் காலை ஏழரைக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். இன்றைய தேதியில் பதினோரு பிள்ளைகள். நான் வைத்திருக்கிறேன் என்பது பேருக்குத்தான். தூளி ஆட்டுவது, கஞ்சி ஊட்டுவது, அழுகிறது பசியிலா வயிற்றுவலியிலா என்று காதாலேயே பிரித்துச் சொல்வது எல்லாம் அம்மா.

வினையும் அங்கேதான் வந்தது. எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உதவியாளர் ஒருவரைப் பதிந்தாக வேண்டும் என்று காப்பகங்களைப் பதிவு செய்யும் ஸ்ரீரங்கத்து அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு. "என் வீட்டுல நான் இருக்கறதுக்கு எதுக்குடி பதிவு?" என்றாள். அங்கே அதிகாரியாக இருக்கும் சந்திரம்மாளிடம் இதை மெதுவாகச் சொன்னேன். "வீட்டு ஆளைத்தாம்மா முதல்ல பதியணும். வெளி ஆளுன்னா நாலு பேரு விசாரிப்பாங்க. வீட்டு ஆளை யாரு விசாரிக்கிறா?" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

அம்மாவின் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க மூன்று தடவை அலைந்தோம். வயதுக்கு அத்தாட்சி வேண்டுமென்று அம்மா பிறந்த வையம்பட்டிக்கு பஸ் ஏறிப் போய் ஞானஸ்நானச் சீட்டு வாங்கி வந்தேன். அம்மா தன் வயது நாற்பத்தைந்து என்கிறாள். கோயில் புத்தகம் நாற்பத்தொன்பது என்கிறது. ஐம்பதுக்கு மேல் பதிய மாட்டார்களாம்.

பாரத்தில் "உதவியாளர்: அற்புதம்மாள்" என்று அம்மா பெயரை எழுதியதற்குக் கீழே "கணவரின் சம்மதக் கையொப்பம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "காலமாயிட்டாருன்னு எழுது. அந்தக் கட்டத்துக்கு வேலையே இருக்காது," என்றாள். எழுதிவிட்டேன், அப்பா. பி.ஏ. படித்த நான் மசிப் பேனாவால், அழகான கையெழுத்தில் எழுதினேன்.

போன வாரம் சந்திரம்மாள் வீட்டைப் பார்வையிட வந்தார். மகளை விட வந்திருந்த ராசாத்தி, எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, தன் வீட்டுக்காரரும் ரோசரியின் அப்பாவும் ஒரே பட்டறையில்தான் லேத் ஓட்டுகிறார்கள், நேற்றுக்கூட ஒன்றாக டீ குடித்தார்கள் என்று சொல்லிவிட்டாள். சந்திரம்மாள் நோட்டை மூடினார். "அப்பா உயிரோட இருக்காருன்னா சந்தோஷம்தானேம்மா. அதை ஏன் மறைச்சீங்க?" என்றார்.

டிசம்பர் 31க்குள் சரியான பாரம் போகாவிட்டால் காப்பகத்தின் பதிவையே எடுத்துவிடுவார்கள். பதினோரு வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போக முடியாது. புதுப் பாரம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு ராசாத்தி வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புங்கள். நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது.

இப்படிக்கு
உங்கள் மகள்
ரோசரி


சேசு மரி சூசை

அரியமங்கலம்
6-12-63

மகள் ரோசரிக்கு அப்பா தைரியராஜ் எழுதிக்கொண்டது.

உன் கடுதாசி கிடைத்தது. மூன்று தரம் படித்தேன். செத்தவனுக்குத் தபால் போட்டவள் இந்தத் திருச்சியிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். பட்டறையில் வைத்துப் படித்ததால் சிரிக்கவும் முடியவில்லை, மற்றதும் முடியவில்லை.

நீ பி.ஏ. தேறியதை நான் சலூனில் முடிவெட்டும்போது எவனோ சொல்லித் தெரிந்துகொண்டேன். சந்தோஷம். உன்னை ஒன்பதாவதில் சேர்த்த அன்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுருட்டுக் கம்பெனியில் உனக்கு இடம் சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்தால், அம்மாவும் மகளும் புதுப் புஸ்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். என் பேச்சு எடுபடாத வீட்டில் எனக்கு என்ன வேலை என்று வந்துவிட்டேன். நான் நினைத்தது தப்பாகவே இருக்கட்டும். கேட்டிருக்கலாம் இல்லையா?

இப்போது சர்க்கார் கேட்கச் சொல்கிறது, நீ கேட்கிறாய். உன் அம்மா கேட்கட்டும். ஒரே ஒரு வரி. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வந்தால் நானும் போடுகிறேன்.

அப்பா
தைரியராஜ்


பாலக்கரை
11-12-1963

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. கஞ்சிக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப ராத்திரியெல்லாம் அழுவே. அப்ப உன்னைத் தூக்கிக்கட்டுமான்னு நான் யாருகிட்டயும் கேக்கலை," என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்றாள்.

எனக்குக் கோபம் வருகிறது, அப்பா. உங்கள் மேலும், அவள் மேலும். எழுத்தில் மட்டும்தான் எனக்குக் கோபம் வரும். அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றும் ஸ்ரீரங்கம் போனேன். சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன். அங்கே போனால் சந்திரம்மாள் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். இருந்த குமாஸ்தா பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே சீட்டில் டாக்டரின் முத்திரை தெளிவாக விழவில்லை, இன்னொன்று வாங்கி வாருங்கள் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தெருமுனை திரும்பிய பிறகுதான் அவரிடம் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

அம்மா கேட்க மாட்டாள். அவள் சார்பில் நான் கேட்கிறேன். போதாதா?

ரோசரி


சே. ம. சூ.

அரியமங்கலம்
17-12-63

மகள் ரோசரிக்கு,

போதாது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒருநாள் பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு நானே வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நீ இல்லை. கதவு பாதி திறந்திருந்தது. உன் அம்மா தரையில் உட்கார்ந்து இந்தக் கையால் ஒரு தூளியும் அந்தக் கையால் ஒரு தூளியும் ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, கையும் தூளியை நிறுத்தவில்லை. "சத்தம் போடாதீங்க, பிள்ளைங்க தூங்குது," என்றாள்.

எட்டு வருஷம் கழித்து ஒரு மனுஷனைப் பார்த்துச் சொல்ல அதுதானா இருந்தது? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் இருந்த நாளில் கண்டதில்லை.

சம்மதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பாரத்திலும் போட்டுவிட்டேன். இனி பொங்கல், பாஸ்கு என்று நல்ல நாளில் சம்மதம் கொடுத்தவன் என்ற முறையில் நான் வந்து போவேன். அதை அவளிடம் நீயே பக்குவமாகச் சொல்லு.

அப்பா
தைரியராஜ்


பாலக்கரை
28-12-1963

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சம்மதத்தை நேற்றுத்தான் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது. எக்ஸ்ரே சீட்டில் முத்திரை வாங்குவதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது, விடுமுறை முடிந்ததும் ஏகாதசிக் கூட்டம், ஸ்ரீரங்கத்துக்குள் பஸ்ஸே நுழையவில்லை. உதவியாளர் நேரில் கையொப்பமிட வேண்டும் என்றதால் அம்மாவையும் அழைத்துப் போனேன். பிள்ளைகளை ராசாத்தி ஒரு நாள் பார்த்துக்கொண்டாள். சம்மதக் கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்ததை அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லாதது என் தவறு. பக்குவமாகச் சொல்லு என்றீர்கள். அந்தப் பக்குவம் எனக்கு வரவேயில்லை.

சந்திரம்மாள் உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தார். "என் மனைவி என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அனுமதிக்கிறேன். தவறினால் அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொள்வேன்." படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இவரு நாளைக்குக் கோவிச்சுக்கிட்டாருன்னா பதினோரு பிள்ளைங்களும் தெருவுலயா? இதை வச்சு நான் எப்படிப் பதியறது?" என்றார்.

அம்மா எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை. பிள்ளைகள் தூங்கும்போது பேசுகிற அதே குரலில், "அவரு உத்தரவுலதான் நான் பிள்ளை தூக்கணும்னா எனக்கு இந்தப் பதிவே வேண்டாங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போய் பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். இன்று காலை வழக்கம்போல ஏழரைக்குக் கதவைத் திறந்து பிள்ளைகளை வாங்கிக்கொண்டாள். அவர்களோடு பேசுகிறாள். என்னோடு மட்டும்தான் பேச்சில்லை.

ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அன்று மத்தியானம் அவள் உங்களிடம் சொன்னதை அந்த நேரத்தில் வருகிற எல்லோரிடமும் சொல்வாள். தபால்காரரிடமும் சொல்வாள், பங்குச் சாமியாரிடமும் சொல்லியிருக்கிறாள். உங்களை அவமதிக்கச் சொன்னதல்ல. எட்டு வருடம் கழித்து உங்களைப் பார்த்த அந்த நிமிடத்திலும் அவள் கை தூளியை நிறுத்தவில்லை என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். அவள் கட்டுப்பட்டு நடப்பது அந்தத் தூளிகளுக்குத்தான்.

உங்களைக் காலமானவர் என்று எழுதியது பெரிய தப்பு. அதற்கு எத்தனை தரம் வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைச் சந்திரம்மாள் படித்தபோது, நான் அங்கே தலை குனிந்தது அந்தத் தப்புக்காக மட்டுமில்லை, அப்பா. நான் படித்த படிப்பெல்லாம் உங்களிடம் கேட்காமல் படித்தது. அதை இப்போது யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது?

இதற்குள் நீங்கள் கோபித்துக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்திருப்பீர்கள். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

நேற்று அம்மா வெளியே போன பிறகு சந்திரம்மாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சேர்ந்து வாழாத கணவர் என்றால் அவருடைய சம்மதம் தேவையே இல்லையாம். ஆனால் அதை மனைவி சொன்னால் ஏற்க மாட்டார்களாம், மகள் சொன்னாலும் ஏற்க மாட்டார்களாம். கணவரே நேரில் வந்து தன் கையால் எழுதித் தர வேண்டுமாம். இந்த வேடிக்கையைக் கேட்டு எனக்கு அழுகைதான் வந்தது. கோயிலில் கட்டியது கட்டியதுதான், இந்தக் காகிதம் அதைத் தொடாது. ஆனால் இதை எழுதிவிட்டால் சம்மதம் கொடுத்தவன் என்ற முறையில் நீங்கள் எங்கள் வாசலுக்கு வர முடியாது. அது எனக்குத் தெரியும். வேறு எந்த முறையில் வரலாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அது அம்மா சொல்ல வேண்டியது.

செவ்வாய்க்கிழமை 31ஆம் தேதி. பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் பாரம் வாங்க மாட்டார்கள். காலை ஒன்பது மணிக்குச் சத்திரம் பஸ் நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் நிற்கும் இடத்தில் நான் இருப்பேன். அம்மா வர மாட்டாள். நீங்கள் வந்தால் உங்களோடு ஒன்றும் பேசாமல் கூட வருவேன். பேசத் தெரியாததால்தான், கோபத்தால் இல்லை.

இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோதே கேட்க நினைத்து, இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டதை இப்போது கேட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு நீங்கள் அனுமதி தர வேண்டாம், அப்பா. அனுமதி தருகிற இடத்தில் நான் இல்லை என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.

ரோசரி