குளிப்பாட்டியவள் சொல்லாதது

டோஹா,
09.06.2024

அன்புள்ள ஹமீமா மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே என்னோடு வேலை செய்யும் அன்ஸாப் ஊருக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு தைலமும் இருக்கிறது. போனில் பேசலாம்தான். பேசும்போது உங்களுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று தெரியாது.

வாப்பா மறுபடி நிகாஹ் செய்யப்போவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தையல்கார நிஷ்மியாவை. அவளுடைய அண்ணன் ஸக்கரியா நானா எனக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி ஏற்கெனவே புருஷனை இழந்தவ. லாபிர் நானா எப்படிப்பட்டவர்னு மகள் நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா எங்களுக்குப் போதும்" என்றார். ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் உம்மா மௌத்தானபோது எனக்கு வரக் கிடைக்கவில்லை. கடைசியாக அவரைப் பார்த்தது நீங்கள்தான். அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டும்போது உம்மாவின் உடம்பில் ஏதாவது பார்த்தீர்களா? இதை வேறெப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.
றிப்கா


கலேவெல,
28.06.2024

அன்பு மகள் றிப்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். தைலம் வந்தது. வீடெல்லாம் மணக்கிறது, வலி மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த முறை மிளகு நல்ல விளைச்சல், காயவைக்கத்தான் வெயில் இல்லை. வஹகோட்டைச் சர்ச் திருநாளுக்குப் போகிறவர்களால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, சந்தைக்கு நடந்தே போய்வந்தேன். நீ வருஷத்துக்கு ஒருமுறை எழுதுகிறாய். அதிலும் இப்படி ஒரு கேள்வி.

நாற்பத்தொரு வருஷமாக இந்த ஊரில் பெண்களின் ஜனாஸாவைக் குளிப்பாட்டுகிறேன். மையத்து வீட்டில் ஒரு தேநீர்கூடக் குடித்ததில்லை. ஆனாலும் ஊர் என்னை நம்புவது அதற்காக அல்ல. திரைக்குள் கண்டது கபன் துணியோடு மண்ணுக்குப் போய்விடும், அதற்காக. மையத்தின் குறையை மறைப்பவளின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று கேட்டுத்தான் இந்த வேலையில் இறங்கினேன். ஒருத்தியைப் பற்றி வாயைத் திறந்தால், நாளைக்கு எவளும் தன் உம்மாவை என் கையில் தரமாட்டாள்.

உன் மனம் ஆறட்டும் என்று இதை மட்டும் சொல்கிறேன். உன் உம்மா உடம்பில் ஒன்றும் இருக்கவில்லை. முகம் தெளிவாக இருந்தது. படித்ததும் கிழித்துப் போடு.

அன்புடன்,
ஹமீமா மாமி


டோஹா,
25.08.2024

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுக் கிழித்தேன். ஸக்கரியா நானாவிடம் வாப்பா நல்லவர், பயப்படாமல் செய்யுங்கள் என்று சொன்னேன். உங்கள் பெயரை எடுக்கவில்லை. நிகாஹ் படம் வந்தது. நிஷ்மியா நன்றாகச் சிரிக்கிறாள்.

அன்புடன்,
றிப்கா


கலேவெல,
11.01.2025

அன்பு மகள்,

பதில் எழுத நாலு மாதம் ஆகிவிட்டது. எழுதினேன், கிழித்தேன்.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். உன் உம்மாவின் இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, நான்கு விரல் பதிந்திருந்தது. முதுகிலும் இருந்தது. பழையது மஞ்சள், புதியது நீலம். அவள் மாரடைப்பில்தான் மௌத்தானாள், அதில் சந்தேகம் இல்லை. எப்படி வாழ்ந்தாள் என்பதைத்தான் அந்தத் தோலில் பார்த்தேன். என்னோடு குளிப்பாட்ட வரும் றுஸ்னா தண்ணீர் ஊற்றினாள், அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் கபனைச் சுற்றினோம்.

அன்றிலிருந்து எந்த ஜனாஸாவின் இடது கையைத் தூக்கினாலும் என் கை நின்றுவிடுகிறது. சுத்தமான தோலில் அந்த விரல்கள் தெரிகின்றன. தேய்க்கிறேன், போக மாட்டேன் என்கிறது. "போதும் மாமி, அங்க ஒண்ணுமே இல்ல" என்று றுஸ்னா என் கையைப் பிடிப்பாள். தொழுகைக்கு என் கையையே கழுவும்போதும் உன் உம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள். ஒன்றும் கேட்கமாட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது மகள்.

போன மாதம் நிஷ்மியா சட்டைக்கு அளவெடுக்க வந்தாள். டேப்பை உயர்த்தியபோது அவள் சட்டைக் கை மேலேறியது. அதே இடம். அதே நான்கு விரல். "கதவுல பட்டிச்சு மாமி" என்றாள். நான் தொட்டுப் பார்த்தேன். கை சூடாக இருந்தது. இத்தனை வருஷம் நான் குளிர்ந்த உடம்பையே தொட்டவள்.

மையத்தின் குறையை மறைக்கத்தான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். அந்தக் காயம் உன் உம்மாவின் குறையா? அடித்தவனுடைய குறையை அல்லவா நான் மறைத்திருக்கிறேன். இது விளங்குவதற்குள் இன்னொருத்தியை அந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கே நிஷ்மியாவிடமும் ஸக்கரியாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அவளை மாத்தளைக்குக் கூட்டிப்போய்விட்டார். அவள் பிரிந்துபோகக் கேட்டிருக்கிறாள், அடுத்த மாதக் கடைசியில் காழியார் விசாரிக்கிறார். உன் வாப்பா எல்லாம் பொய் என்கிறார். நான் மையத்தைப் பற்றிப் புறம் பேசுகிறேன் என்று பள்ளிவாசலில் முறையிட்டிருக்கிறார். றுஸ்னா தான் எதையும் பார்க்கவில்லை என்கிறாள். நேற்று மேல் வீதியில் ஒரு மௌத். கற்பூரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அஸர் தொழுகை வரை வாசலில் இருந்தேன். யாரும் கூப்பிட வரவில்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

ஹமீமா


டோஹா,
02.02.2025

மாமி,

நீங்கள் பொய் சொன்னது படிக்கும்போதே எனக்குத் தெரியும்.

எனக்கு ஒன்பது வயதில், வாப்பா அடிப்பதைக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மறுநாள் உம்மா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். "யாராச்சும் கேட்டா உம்மாவுக்குக் கதவுல பட்டிச்சுன்னு சொல்லு, என்ன" என்றார். சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். நிஷ்மியாவும் அதையேதான் சொன்னாள் என்று நீங்கள் எழுதிய இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

வாப்பாவைப் பற்றி அந்நியரிடம் சொல்ல எனக்கு வெட்கம். ஒன்றுமில்லை என்று உங்கள் வாயால் வந்தால், அதைப் பிடித்துக்கொண்டு ஸக்கரியா நானாவுக்குப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உங்களிடம் கேட்டேன். நிஷ்மியாவை அந்த வீட்டுக்கு அனுப்பியது நான். நாற்பத்தொரு வருஷம் ஊர் உங்கள்மேல் வைத்த நம்பிக்கையை என் மனச்சாட்சியை அடக்கப் பயன்படுத்திக்கொண்டேன். அதற்காக அழுகிறேன் மாமி.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து உம்மா இங்கேயும் வந்து நிற்கிறார். முழுக்கைச் சட்டைதான் போட்டிருக்கிறார்.

விசாரணைக்கு நான் வருகிறேன். லீவு கிடைக்காவிட்டால் இந்தக் கடிதத்தைக் காழியாரிடம் கொடுங்கள். இதைக் கிழிக்க வேண்டாம். மகள் எழுதியதுதானா என்று கேட்பார்கள், அதனால் கீழே என் முழுப் பெயரை எழுதுகிறேன்.

முகம்மது லாபிர் பாத்திமா றிப்கா