நாம் அலசிய கடல் மணல்

என் செல்ல நைனாவுக்கு,

திட்டாமல் படி. நீ கட்டிய மாடி அறையை நாளைக்கு இடிக்கிறோம்.

தம்பி வேலை என்று நினைக்காதே, நானும்தான். ஆறு மாதமாக அவன், "மொத்தமா இட்சிட்டு புச்சா கட்லாம்க்கா" என்று நச்சரித்தான். "நைனா கையால மாடி கட்டுன வூடு. எவன் கை வெக்கிறான்னு பாக்குறேன்" என்று நான் மல்லுக்கு நின்றேன். பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அவன் மகளின் காதுகுத்துக்குக்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போய் வந்தேன்.

போன வாரம் அம்மா படுக்கிற இடத்தில் கூரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அவள் கீழே மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையணை மேல் கிடந்த அந்தக் கட்டியை நான்தான் எடுத்துப் போட்டேன். அப்போதும் பூசிவிட்டால் போதும் என்றுதான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியாதா?

அவர் சுத்தியலால் தட்டினார். உள்ளே கம்பி துருவாய் உதிர்ந்தது. விழுந்த துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, கடல் மண்ணா? உப்பு கம்பியத் துன்னுட்சே" என்றார்.

கடல் மண்ணேதான், நைனா. திருவொற்றியூர் கரையிலிருந்து நீயும் உன் படகு ஆட்களும் மூட்டை மூட்டையாய்ச் சுமந்து வந்தீர்கள். "கருவாட்டையே அலசி உப்பெடுக்குறோம், மண்ணு இன்னா பெர்சா?" என்று நீ சிரித்தாய். அம்மாவும் நானும் தம்பியும் மீன் கழுவும் அண்டாவில் கொட்டி, அடிபம்புத் தண்ணீரில் அலசினோம். அந்தத் தண்ணீரே உப்புதானே? நம்மில் ஒருவருக்கும் அது ஏன் உறைக்கவில்லை?

நீ வாங்கும்போதே பழசாயிருந்த கீழ்வீட்டையும் மேஸ்திரி தட்டிப் பார்த்தார். "சுண்ணாம்புல கட்டுனது, கல்லு கணக்கா கீது. அத்தத் தொடாதீங்க. மேல மட்டும் எறக்கிடுங்க." தம்பியிடம் நானே போய்ச் சொன்னேன். ஜெயித்தவன் போல அவன் பேசவில்லை. "கீழ் வூடு அப்டியே இருக்கட்டும்க்கா. நானுந்தான மண்ணு அலசுனேன்" என்றான்.

அம்மாதான் உடைந்துபோனாள். "மூணு தண்ணி வுடச் சொன்னாருடி. கை நோவுதுன்னு ரெண்டோட நிறுத்திட்டேன்." இத்தனை வருஷம் இதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். நம் பம்புத் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் உப்பு போயிருக்காது என்றேன். நம்பினாளா, தெரியவில்லை. நீ சொன்னால் நம்புவாள். நீ இல்லையே என்று அப்போது உன்மேல்தான் கோபம் வந்தது.

மாடி திரும்ப எழும்பும், நைனா. புது மணல் வந்து இறங்கியதும் முதல் சிட்டிகை என் நாக்கில், அடுத்த சிட்டிகை அம்மா நாக்கில். உப்பில்லை என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்க விடுவேன். உன்மேல் சத்தியம்.

உன்னோடு மணல் அலசிய
உன் பெரிய மகள்,
செல்வி