பின்தொடை தடித்த ஈ

பங்குனி 3, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. ஆய்வுகூடத்து மின்விசிறியை இன்னும் திருத்தவில்லை.

கருத்தரங்கு அழைப்பிதழ் வந்தது. "யாழ்ப்பாணத்துத் தடித்தலை ஈக்கள்." பேசுபவர் எங்கள் மூத்த விரிவுரையாளர், சேர். என் பெயர் எங்குமில்லை. உரும்பிராய் வெங்காயத் தோட்டத்து வேலியோரம், குளவி என்று எல்லோரும் விலகி ஓட, வலை வீசிப் பிடித்தது யார்? நான். மூன்று வாரம் நுணுக்குக்காட்டியில் குனிந்தது யார்? நான். நாசமாய்ப் போக.

அழைப்பிதழில், ஈயின் படத்தை மட்டும் பார்த்து 'கொனொப்ஸ்' பேரினம் என்று போட்டிருக்கிறார். படத்தில் பின்கால் மடிந்து கிடக்கிறது. கொனொப்ஸ் என்றால் தொடை ஒரே சீராக மெலிவு. இதற்கு அடிப்பாதி வீங்கியிருக்கிறது. ஆக, இது வேறு பேரினம், பைசோசெபலா. சொல்லப் போனேன்.

"உமக்கு லேபிள் எழுதுற வேலை மட்டும்தான், பிள்ளை. மிச்சத்தை நான் பாக்கிறன்."

சரி. பாரும்.

பங்குனி 4, புதன்

வாங்க: சவர்க்காரம், அம்மாவின் பிரஷர் குளிசை, ஊசிப் பெட்டி.

சேர் தன் பெயரோடு கொனொப்ஸ் லேபிள் தந்தார். "உதை ஈயின்ரை ஊசியிலை குத்திவிடும்." ஊசியில் ஏற்கெனவே என் லேபிள்: பைசோசெபலா, என் பெயர், மாசி 18. யார் என்ன பெயர் வைத்தாலும் பழைய லேபிளைக் கழற்றுவதில்லை, அது எங்கள் வழக்கம். புதியது கீழே வரவேண்டும். நான் மேலே குத்தினேன். என்னுடையது மறைந்தது.

மத்தியானம் அலுவலகத்துக் கமலாக்கா: "என்னடி, சிரிச்சுக்கொண்டு திரியிறாய்?"

"சும்மா அக்கா."

பங்குனி 6, வெள்ளி

கருத்தரங்கு. மண்டபம் நிறையச் சனம். வடை ஊசல்.

கண்டியிலிருந்து வந்த பேராசிரியை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பின்தொடையைப் பார்த்தீங்களா?"

சேர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு என்னைக் காட்டி, பெயரும் சொல்லி, "உவதான் இனங்கண்டவ. பிழை அவவின்ரை" என்றார்.

முதன்முதலாகச் சபையில் என் பெயர். பழி போடத்தான் ஞாபகம் வந்ததாக்கும்!

ஈ குத்தியிருந்த பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பேராசிரியை ஊசியைச் சரித்து மேல் லேபிளை வாசித்தார். பிறகு கீழ் லேபிளை. சத்தமாக, பெயர், திகதி எல்லாம்.

வாசலில் சேர் மறித்தார். முகம் கறுத்திருந்தது. "கீழை லேபிள் கிடக்குதெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எனக்கு லேபிள் எழுதுற வேலை மட்டும்தானே, சேர். எழுதினனான்."