சுற்றியிருக்கும் நல்ல சதை

லீட்ஸ்
இங்கிலாந்து
4 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா போய் ஐந்து மாதம் ஆகிறது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். சாப்பாடு இன்னும் கடையில்தானா?

ஓர் உதவி வேண்டும். அம்மாவின் மார்பிலிருந்து வெட்டியெடுத்த கட்டியை ஈப்போ ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆய்வுக்கு அது தேவை. கட்டியைவிட, அதைச் சுற்றியிருக்கும் நல்ல சதை. புற்று தனியாகப் பரவுவதில்லை, அண்ணே. பக்கத்து நல்ல செல்களைத் தன் பக்கம் இழுக்கிறது. அவை சுரக்கும் நொதிகள் திசுவின் வேலியைக் கரைக்கின்றன. அந்த வழியாகப் புற்று வெளியேறுகிறது. அதைத் தடுக்கத்தான் பார்க்கிறோம்.

இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன். அம்மாவோடு இருந்தவன் நீ. நீதான் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்புத் தங்கை,
தினேஸ்வரி

பத்து காஜா
மலேசியா
25 மார்ச் 2024

தங்கச்சிக்கு,

கடைச் சாப்பாடுதான்.

நல்லவன் எதிரிக்கு வழி வெட்டுவான் என்று தெரிந்துகொள்ள லீட்ஸ் வரை போக வேண்டுமா? நாம் குடியிருந்த தோட்டத்தை விற்றபோது, தொழிலாளர்களின் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி வாசல் வாசலாக வந்தது கம்பெனிக்காரன் இல்லை. நம் ராமையா மாமா.

அதன்பிறகு அம்மாவுக்குப் பேரங்காடியில் தரை துடைக்கும் வேலை. லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று அம்மா கட்டியைப் பதினொரு மாதம் மறைத்தாள். தோட்டத்தில் அத்தனை வருஷம் களைக்கொல்லி அடித்தவளுக்குக் கையுறை கொடுக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. அப்போது அவள் சதையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

உன்னைக் கூப்பிடட்டுமா என்றால், "படிக்கிற புள்ளைய தொந்தரவு பண்ணாதடா. முடிச்சிட்டு வருவா" என்பாள்.

சுடுகாட்டில் உனக்காகப் போனைத் தூக்கிப் பிடித்து நின்றேன். நடுவில் லைன் அறுந்தது. நீ திரும்பக் கூப்பிடவில்லை. இப்போது சதை கேட்கிறாய்.

உன் அண்ணன்,
கோகிலன்

லீட்ஸ்
9 ஏப்ரல் 2024

அண்ணே,

லைன் அறுந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோதனைக்கூடத்துக்குப் போனேன். அங்கே யாரிடமும் சொல்லவில்லை. விடுப்பு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. அம்மாவை அப்படிப் பார்க்கப் பயம். வேறு காரணம் இல்லை.

படிவத்தைக் கிழித்துப் போடு. பதில் மட்டும் எழுது.

தினா

பத்து காஜா
6 மே 2024

தினேஸ்வரிக்கு,

இன்று ஆஸ்பத்திரியில் படிவத்தைக் கொடுத்தேன். இன்னொருத்தி மறைத்து வைத்திருக்கும் கட்டிக்காவது உதவட்டும்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி: ஆய்வு செய்பவர் உங்களுக்கு உறவா?

"ஆமான்னு போட்டா அவங்க கைக்குப் போகாது லா, அண்ணே. வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க" என்றாள் அங்கிருந்த தாதி.

இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டேன். பொய் எழுதியதுபோலவே இல்லை.

அம்மா உன்னிடம் வருகிறாள். பத்திரமாக வை. இனி எழுதாதே.

நல்லம்மாளின் மகன்,
கோகிலன்