கிழங்குப் பந்தி

காஜா பேராங், மலாக்கா
3-11-1957

சம்பந்தியம்மாள் பூங்காவனத்தம்மாளுக்கு அப்பாசாமி வணங்கி எழுதுவது. நாங்கள் சுகம். நாகப்பட்டினத்தில் சின்ன மகன் வீட்டில் நீங்களும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும்.

இது என் கையெழுத்து, நம்புங்கள். கோயில் பக்கத்தில் முதியோர் வகுப்பு வைத்தார்கள். நாடு சுதந்திரம் வாங்கிய மாதத்தில் நான் என் பெயரை எழுதினேன். ஒரு வரி முடிந்ததும் எழுந்து, எட்ட நின்று பார்த்துக்கொள்கிறேன். எறும்பு ஊர்வது போல இருக்கிறதென்று உங்கள் பேத்தி சந்திரமதி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எனக்கு ஆனந்தமாக இருக்கிறது. முன்பெல்லாம் யாராவது எழுதித் தருவார்கள். இந்த விஷயத்தை இன்னொருவர் காதில் போட முடியாது.

உங்கள் மகன் கருணாகரன் சிங்கப்பூரில் வேறு குடும்பம் நடத்துகிறார். அதற்கு நான் சண்டைக்கு வரவில்லை. என் மகள் கமலவேணியும் அவரை விட்டுவிட்டாள். இப்போது பிள்ளையைக் கேட்டுக் கோர்ட்டுக்கு வந்திருக்கிறார். பெண்டஹாரா சாலை லாயரிடம் போனோம். முறையாகத் தாலி கட்டிப் பிறந்த பிள்ளையென்றால் தகப்பன் பேச்சுத்தான் முதலில் எடுபடுமாம். கல்யாணமே நடக்கவில்லையென்றால் பிள்ளை தாய்க்காம். பதிவு உண்டா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள் யார் என்றார்.

யாரைச் சொல்வது? ஜப்பான்காரனுக்குப் பயந்து, கதவைச் சாத்தி, மேளமில்லாமல் கட்டிய தாலி. வந்திருந்த தியாகு, ஏகாம்பரம், பொன்னுதுரை, நடராஜன் எல்லாரும் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பவில்லை. என் மனைவியும் போய்விட்டாள். மிச்சம் நீங்களும் நானும்.

அன்று அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு அவித்துப் பந்தி வைத்தோம். "மாமா, ஒங்க வூட்டு விருந்து பல்ல விட்டுப் போவ மாட்டேங்குதே" என்று தியாகு கேலி செய்தான். சண்டை முடியட்டும், வயிறாரச் சோறு போடுகிறேன் என்றேன்.

லாயரைப் பார்த்து வந்த நாள் முதல், விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த நால்வரும் கூடத்தில் வந்து உட்காருகிறார்கள். முன்னால் இலைக்கு இடம் விட்டு உட்காருகிறார்கள். நான் சுவர் ஓரமாகச் சுற்றி அடுப்படிக்குப் போகிறேன். ஏன் என்று கமலவேணி கேட்கவில்லை. அவளும் சுற்றித்தான் போகிறாள்.

கோர்ட்டில் என்ன சொல்லட்டும் என்று அவளைக் கேட்டேன். "எம்பேரு போனா போவுதுப்பா. புள்ள போவக்கூடாது" என்றாள். தாலியைக் கழற்றி முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். சத்தியம் வாங்கிக் கேட்டாலும் கல்யாணம் நடக்கவில்லை என்றுதான் நான் சொல்லப்போகிறேன்.

சாட்சிக்கு உங்களை அழைத்து வரக் கருணாகரன் கப்பல் டிக்கெட் அனுப்பியிருப்பதாகக் கேள்வி. கப்பல் ஏறாதீர்கள் அம்மா. முழங்கால் வலி என்று மகனுக்கு எழுதுங்கள். நீங்கள் வராவிட்டால் சந்திரமதி உங்களுக்குப் பேத்தி இல்லை என்று ஆகிவிடும். அது தெரிந்துதான் கேட்கிறேன். அவளுக்கு உங்கள் நெற்றி, உங்கள் நடை. அதை எந்தக் கோர்ட்டும் எடுக்க முடியாது.

வழக்கு முடிந்ததும் நல்ல அரிசி வாங்கிக் கூடத்தில் நாலு இலை போடுவேன். இது எதற்கு விருந்து என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது? நீங்கள் படித்தவர். தெரிந்தால் எழுதுங்கள்.

உங்கள் மகனும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
அப்பாசாமி