ஒரே ஒரு படத்தில் இருந்த விமானம்

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை. இருமல்கூடப் பாதி போய்விட்டது.

நம் மகள் குட்டி ஆசைப்பட்டாளே என்று, அறையில் கூட இருக்கும் லேப் அக்காவின் கேமராவை ஜன்னலில் வைத்து அந்த நட்சத்திரக் கூட்டத்தைப் படம் பிடித்தேன். அதைச் சுற்றியிருக்கும் ஒளிமேகம் ரொம்ப மங்கல். நூற்றுக்கணக்கில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் தெரியுமாம். தெரிந்ததும் குதித்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி, மேகமா இது? நீ ரூமுக்குள்ள காயப்போட்ட யூனிஃபார்ம் ஈரம் லென்ஸ்ல படிஞ்சிருக்கு!"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. துடைத்துவிட்டு மறுபடி எடுப்பதற்குள் எதிர்க் கட்டடத்தில் பெரிய விளக்குப் பலகை வைத்துவிட்டார்கள். அந்த வெளிச்சத்தில் இனி இந்த ஜன்னலில் மேகம் தெரியாது. ஒரு படத்தில் மட்டும் விமானம் அழகாகக் கோடு போட்டிருந்தது. அதையாவது குட்டிக்கு அனுப்பலாமென்றால், தனிப் படங்களைச் சேர்த்ததும் அழித்துவிட்டோம்; சேர்த்த படத்தில் விமானத்தைக் காணோம்.

"ஒரே ஒரு தடவை வந்தது நிக்காதும்மா. வேண்டாததுன்னு கம்ப்யூட்டரே அழிச்சிடும்" என்றார் அக்கா.

சூப்பர்வைசர் இந்த வருடமும் லீவு இல்லை என்றுவிட்டார். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். என் பழைய கம்பளிச் சட்டை கிடைத்தால் அனுப்புங்கள். டியூட்டி பஸ் ஹாரன் அடிக்கிறது.

போன முறை நான் ஊருக்கு வந்தது ஒரே வாரம்தானே. குட்டியிடம் தினமும் என்னைப் பற்றி ஏதாவது பேசுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

உங்கள் மனைவி